முதலாளி கையெழுத்துப் போடும் வரிகள்

துணிக்கடையில் பதவி உயர்வை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவளை முதலில் மடிக்க விடுவார்கள். விற்பனைக்கு நிற்கும் அக்கா விரித்துக் காட்டிய சேலைகளை, வாடிக்கையாளர் நகர்ந்ததும் பழைய மடிப்பு மாறாமல் மடித்து ரேக்கில் ஏற்ற வேண்டும். கொஞ்ச நாள் போனதும் சேலை காட்ட விடுவார்கள். பில் போடும் பெண் லீவு போட்ட ஒரு நாளில் “நீ போய் உட்காரு” என்பார்கள். அப்புறம் லாரி செட்டிலிருந்து வந்த சிப்பத்தைப் பிரித்து, பில்லோடு ஒப்பிட்டு எண்ணச் சொல்வார்கள். கல்லாவில் உட்கார வைப்பது அதற்கும் பிறகு. ஒவ்வொரு படியிலும் சம்பளம் ஏறலாம், ஏறாமலும் போகலாம். பெயர் மட்டும் கடைசிவரைக்கும் ஒன்றுதான்: கடைப் பொண்ணு.

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு நடுத்தர ஜவுளிக்கடையில் இந்தப் படிகளை எல்லாம் நான் ஏறியிருக்கிறேன். பிளஸ் டூ முடித்ததும் சேர்ந்தேன். கூடவே அஞ்சல் வழியில் பி.காம். படித்தேன். அதற்கு முன்னால், பள்ளிக்கூடம் போன காலத்தில், அம்மா தெருமுனையில் போட்ட சாயங்கால இட்லிக் கடையில் நிற்பேன். 2018-ல் பட்டம் கைக்கு வந்தபோது எனக்கு வேலை தெரிந்திருந்தது, வேலை பார்த்ததைச் சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நியமனக் கடிதம் கிடையாது. சம்பளம் கையில் வாங்கியது, சீட்டு கிடையாது. பி.எஃப். எண்ணும் இல்லை. இருபது பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் கடைக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் கட்டாயம் இல்லை. எங்கள் கடையில் பதினைந்து பேர்தான்.

ரெஸ்யூமே அடிக்க பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த அண்ணனின் கம்ப்யூட்டரில் ஒன்று தயாராகவே கிடந்தது. பெயரையும் மதிப்பெண்ணையும் மாற்றினால் போதும். தகப்பனார் பெயர், மதம், திருமண நிலை, தெரிந்த மொழிகள், பலம் என்ற இடத்தில் கடின உழைப்பு, பொழுதுபோக்கு என்ற இடத்தில் பாட்டுக் கேட்பது, அடியில் ‘மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை’ என்ற உறுதிமொழி. அனுபவம் என்ற இடம் வந்ததும், “எங்கயாச்சும் வேல பாத்திருக்கியாம்மா?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ‘ஃப்ரெஷர்’ என்று அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். மாற்றச் சொல்லத் தோன்றவில்லை. உள்ளுக்குள் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் “பொண்ணு என்ன பண்றா?” என்று கேட்டால் அம்மா “காலேஜ் படிக்கிறா” என்பாள். அது பொய்யில்லை. கடையை மட்டும் சொல்ல மாட்டாள். தொடர்பு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் கேட்டால் நானும் அம்மா சொன்னதையே சொல்வேன். 2010-ல் ‘அங்காடித் தெரு’ படம் வந்தபிறகு, துணிக்கடை என்று சொன்னாலே கேட்பவர் முகத்தில் ஓர் இரக்கம் படிந்துவிடும். அந்த இரக்கத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. நாள் முழுக்க நின்று வீங்கிய கால் எனக்கும் இருந்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியது 2021-ல்தான். அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். ஆனால் இரக்கப்படுகிறவர்கள் காலைத்தான் பார்ப்பார்கள், கை என்ன கணக்குப் போடுகிறது என்று கேட்க மாட்டார்கள். கடைசியில் நானும் என்னை அவர்கள் கண்ணாலேயே பார்த்துப் பழகிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் வண்டி உதிரிபாகம் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். பில் போட்ட அனுபவம் இருந்தால் சான்றோடு வரலாம் என்று போட்டிருந்தது. முதலாளியிடம் போய் நின்றேன்.

“முதலாளி, அனுபவச் சான்றிதழ் ஒண்ணு வேணும்.”

“அதுல என்னத்தம்மா எழுத? இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லையே.”

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நாளைக்கு அது லேபர் ஆபீஸில் போய் நிற்குமோ என்ற யோசனை அவர் முகத்தில் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “நீயே எழுதிட்டு வா. சரியா இருந்துச்சுன்னா லெட்டர்பேடுல போட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார்.

சின்னக் கடைகளில் இது வழக்கமான பதில்தான். தட்டிக்கழிக்கிறார் என்றே முதலில் நினைத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அவர் எவ்வளவு நல்ல கணக்கைக் கொடுத்திருக்கிறார் என்று புரிந்தது. நம்மைப் பற்றி நாமே எழுதினால் கூச்சம் வரும், இல்லையென்றால் அளந்துவிடத் தோன்றும். முதலாளி வாயால் எழுதும்போது இரண்டுக்கும் வழியில்லை. ஒரு வரி எழுதியதும் இதற்கு அவர் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ‘கடின உழைப்பாளி’ என்றால் சிரிப்பார். ‘தீபாவளி சீசனில் தனியாக ஒரு பில் கவுண்டரைப் பார்த்துக்கொண்டவர்’ என்றால் போடுவார்.

எத்தனை பில் என்று யாராவது கேட்டால்? அதற்கும் கடையிலேயே விடை இருந்தது. எங்கள் கடையில் யாருடைய வேலையையும் யாரும் குறித்து வைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பில்லுக்கும் வரிசை எண் உண்டு. ஒரு நாளின் முதல் பில் எண்ணையும் கடைசி பில் எண்ணையும் எடுத்துக் கழித்து ஒன்றைக் கூட்டினால் அன்றைக்குப் போட்ட பில் எத்தனை என்று வந்துவிடும். சீசன் நாட்களில் என் கவுண்டரில் 200-ஐத் தாண்டியிருந்தது. ராத்திரி கல்லா முடிக்கும்போது எந்த நோட்டு எத்தனை என்று எழுதும் சீட்டு இருந்தது. மார்ச் 31-ல் மொத்தச் சரக்கையும் எண்ணி எழுதும் இருப்பு நோட்டில் பாதிப் பக்கம் என் கையெழுத்து. சான்று இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வேலைக்கு, கடை முழுக்கச் சான்று கிடந்தது.

ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலை 1-ல். எங்கள் கடையில் அதை முதலில் படித்துப் புரிந்துகொண்டவள் நான். வேறு வழியில்லை, பில் என் கையில். சேலைக்கு என்ன விலையானாலும் 5 சதவீதம். தைத்த உடுப்பென்றால் ஒரு உருப்படி ஆயிரம் ரூபாய் வரைக்கும் 5, அதற்கு மேல் 12. அன்றைய கணக்கு அது, இப்போது மாறிவிட்டது. தைக்காத சுடிதார் துணி ஒரு வரியில் வரும், அதையே தைத்து விற்றால் வேறு வரிக்குப் போகலாம். இரண்டு வாரத்தில் ஆடித் தள்ளுபடி தொடங்கியது. 1,050 ரூபாய் போட்ட டாப்ஸுக்குப் பத்து சதவீதம் தள்ளினால் 945. இப்போது வரி 12-ஆ, 5-ஆ? விற்ற விலைக்குத்தான் வரி, அதனால் 5. சாஃப்ட்வேரில் அதைச் சரியாக மாற்றாத கடையில் வாடிக்கையாளர் கூடுதலாகக் கட்டிவிட்டுப் போவார், இல்லையென்றால் கடை மாட்டிக்கொள்ளும். மாதாமாதம் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து வரும் போன் எனக்குத்தான் வரும். சரக்கு அனுப்பியவர் பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும் நான்தான். இத்தனையும் செய்துவிட்டுத்தான் ‘ஃப்ரெஷர்’ என்ற சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன்.

எழுதியதை முதலாளி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். ‘பதினான்கு பேரை நிர்வகித்தவர்’ என்ற வரியில் பேனா நின்றது.

“நிர்வாகம் எங்கம்மா பண்ணுன? நீ சொன்னா அந்தப் புள்ளைக கேட்டுச்சுக. அது வேற.”

அடித்துவிட்டார். அதற்குப் பதில் ‘புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பில் போடவும் இருப்பு எண்ணவும் கற்றுக்கொடுத்தவர்’ என்று மாற்றினோம். அடித்த வரியைவிட மாற்றிய வரிக்கு எடை கூட என்று பின்னால் தெரிந்தது. நிர்வகித்தேன் என்று எவரும் எழுதலாம். கற்றுக்கொடுத்தேன் என்றால் எதை, எப்படி என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு என்னிடம் பதில் இருந்தது.

கடைசியில் அவராகவே ஒரு வரி சேர்த்தார். ஈரோட்டுக்கும் சூரத்துக்கும் தான் கொள்முதலுக்குப் போகும் நாட்களில் கடையைத் திறந்து மூடி, கல்லாக் கணக்கு முடித்து வைத்தவர் என்ற வரி. அதை நான் ஒரு வேலையாக நினைத்ததே இல்லை. சாவியைக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“சேல மடிக்க யாரும் கத்துக்கலாம்மா. கல்லாச் சாவிய எல்லார்ட்டயும் குடுத்துட்டுப் போவனா?”

முறையான கம்பெனிகளில் ஒருவர் எவ்வளவு வளர்ந்தார் என்பதைப் பதவிப் பெயர் சொல்லிவிடும். கடையிலும் பட்டறையிலும் ஓட்டலிலும் பதவிப் பெயர் மாறாது. அங்கே மாறுவது ஒன்றுதான்: எதை நம்பி உங்கள் கையில் விட்டார்கள் என்பது. பணத்தை விட்டார்களா, சரக்கை விட்டார்களா, புது ஆளை விட்டார்களா, கோபமாக வந்த வாடிக்கையாளரை உங்களிடம் அனுப்பினார்களா? முதல் ரெஸ்யூமேயில் எழுத வேண்டிய அனுபவம் இதுதான். நேரத்துக்கு வந்ததும் சொன்னதைச் செய்ததும் எல்லாரும் எழுதுவது. முதல் வருஷம் உங்களிடம் விடாத ஒன்றை மூன்றாம் வருஷம் விட்டிருப்பார்கள். அந்த வித்தியாசத்தை எழுதினால் பதவிப் பெயர் இல்லாத வேலையிலும் வளர்ச்சி தெரியும்.

வீட்டுக்கு வந்து இதே அளவுகோலை இட்லிக் கடைக்கும் வைத்துப் பார்த்தேன். அங்கே முதலாளி அம்மா. சம்பளம் இல்லை, சில நாள் திட்டு உண்டு. “உன் கடையில நான் என்னம்மா வேல பாத்தேன்?” என்று கேட்டேன். “பாத்திரம் கழுவுன” என்றாள். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “நீ வந்த பெறகுதான் மாவு மிஞ்சுறது கொறஞ்சுச்சு” என்றாள். உண்மைதான். காலையில் ஊறப்போடும் அரிசிதான் சாயங்கால வியாபாரத்தைத் தீர்மானிக்கும். மழைக்கு இருட்டினால் குறைக்க வேண்டும். கோயில் திருவிழா என்றால் கூட்ட வேண்டும். தெருவில் கல்யாண வீடு இருந்தால் அன்றைக்கு இட்லி போணியாகாது. எந்த நாள் எவ்வளவு மிஞ்சியது என்று பழைய நோட்டில் எழுதிவைத்து, அடுத்த வாரம் அதைப் பார்த்து அளவு சொல்வேன். கடன் நோட்டும் என்னிடம்தான். யாரிடம் எப்போது கேட்டால் பாக்கி வரும் என்பது அம்மாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ‘குடும்பத் தொழிலில் உதவி: தினசரி உற்பத்தி அளவு, கடன் வசூல் கணக்கு’ என்று ஒரே வரியில் முடித்தேன். பள்ளிப் பருவம், சம்பளம் இல்லாத வேலை என்பதையும் மறைக்கவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் அந்த வரிக்குக் கையெழுத்துப் போட்டிருப்பாள்.

நேர்முகத்தில் என் மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. முதலாளி சேர்த்த அந்த வரியில்தான் விரலை வைத்தார்கள். “ராத்திரி கல்லா எண்ணுறீங்க. ஐநூறு ரூபா கொறையுது. என்ன பண்ணுவீங்க?” இதற்கு எந்தப் புத்தகத்தையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. மறுபடி எண்ணுவேன். ரத்தான பில்லைப் பார்ப்பேன். கார்டில் தேய்த்ததைப் பணம் என்று பதிந்திருக்கிறோமா என்று ஸ்லிப்போடு ஒப்பிடுவேன். மாற்றிக் கொடுத்த சரக்குக்குப் பணம் திருப்பிய சீட்டு விட்டுப்போயிருக்கிறதா என்று தேடுவேன். கிடைக்காவிட்டால் குறைவு என்றே எழுதி வைப்பேன், என் கைக்காசைப் போட்டு நேர் பண்ண மாட்டேன். ஏன் என்று கேட்டார்கள். “இன்னைக்கு நேர் பண்ணுனா, நாளைக்கு எங்க தப்பு நடக்குதுன்னே தெரியாம போயிரும் சார்” என்றேன்.

அப்புறம் 2016 நவம்பர் 8 பற்றிப் பேச்சு வந்தது. ராத்திரி எட்டு மணிக்கு அறிவிப்பு, ஐநூறும் ஆயிரமும் நள்ளிரவோடு செல்லாது. கடை திறந்திருந்தது, கல்லாவில் நான் இருந்தேன். முதலாளியைக் கேட்டுக்கொண்டு அந்த நேரம் வரைக்குமான பில்களுக்குக் கீழே கோடு போட்டு, பழைய நோட்டை எண்ணித் தனியாகக் கட்டி, சீட்டில் நேரம் எழுதி வைத்தேன். மறுநாள் வந்த குழப்பத்தில் அந்தச் சீட்டு எவ்வளவு உதவியது என்று சொன்னேன். ரெஸ்யூமேயில் இது இல்லை. ஆனால் சாவியைப் பற்றிய வரி இருந்ததால்தான் இந்தப் பேச்சுக்கே இடம் வந்தது.

அந்த வேலை கிடைத்தது. இப்போது பில்லிங்குக்கும் ஸ்டோருக்கும் ஆள் எடுக்கும்போது வரும் விண்ணப்பங்களை முதலில் படிப்பது நான். பெட்ரோல் பங்கில் நின்றவர்கள், மொபைல் கடையில் இருந்தவர்கள், சனி ஞாயிறு கேட்டரிங்கில் பரிமாறிய கல்லூரிப் பையன்கள், ஜெராக்ஸ் கடைப் பெண்கள், உணவு டெலிவரி செய்தவர்கள் எல்லாரும் வருகிறார்கள். பாதிப் பேர் ‘ஃப்ரெஷர்’ என்றுதான் எழுதுகிறார்கள். உட்கார வைத்துக் கேட்டால் ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. பங்கில் ஷிப்ட் முடியும்போது மீட்டர் அளவையும் கையிலிருக்கும் பணத்தையும் பொருத்தி ஒப்படைத்தவன் ஒருவன். ஐந்நூறு பேர் பந்தியில் எந்த வரிசைக்கு எது பற்றாது என்று முன்கூட்டியே அடுப்படிக்குச் சொன்னவன் இன்னொருவன். அடுத்தவர் சான்றிதழ்களை நாளெல்லாம் கையில் வாங்கி, ஒன்றுகூடத் தொலைக்காமல் திருப்பிக் கொடுத்தவள் ஜெராக்ஸ் கடைப் பெண். இதில் ஒன்றைக்கூட அவர்கள் எழுதியிருக்க மாட்டார்கள்.

அவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான். ரெஸ்யூமேயில் கடையின் பெயர், ஊர், எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை என்பதைப் போடுங்கள். கீழே நாலைந்து வரி எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செயல் இருக்கட்டும், முடிந்தால் எண்ணிச் சொல்லக்கூடிய ஓர் அளவும் இருக்கட்டும். முதலில் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டுப் பிறகு எளிய ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் பொய் தானாகவே உதிர்ந்துவிடும். விண்ணப்பிக்கும் வேலைக்கு நெருக்கமான வரி மேலே வரட்டும். கணக்கு வேலைக்குப் போகிறவர் கல்லாவையும், விற்பனைக்குப் போகிறவர் கல்யாண ஜவுளிக்கு வந்த குடும்பத்தைச் சமாளித்ததையும் முன்னால் வைக்க வேண்டும். மதம், திருமண நிலை, தகப்பனார் தொழில் எதுவும் தேவையில்லை. ஆதார் எண்ணை எழுதவே கூடாது, அந்தக் காகிதம் யார் கைக்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாது. ஒரு பக்கம் போதும்.

காகிதச் சான்று வேண்டும் என்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஏற்கெனவே செய்து பழகிய வேலையைச் சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு ஒன்று, 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் திட்டத்துக்குள் இருக்கிறது. சில்லறை வணிகத்துக்கென்று தனியாகத் திறன் குழுவும் இருக்கிறது. கேஷியர், விற்பனை உதவியாளர் ஆகிய வேலைகளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அது வகுத்து வைத்திருக்கிறது. சான்று வாங்காவிட்டாலும் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். நாம் பேச்சுவழக்கில் செய்துவந்த பல வேலைகளுக்கு அதில் பெயர் இருக்கும். முறைசாரா வேலையில் இருப்பவர்கள் 2021-ல் வந்த இ-ஷ்ரம் தளத்தில் பதிவு செய்து பன்னிரண்டு இலக்க எண் வாங்கி வைப்பதும் நல்லது. ஆனால் நீங்கள் எப்படி வேலை பார்த்தீர்கள் என்பதை அந்த எண் சொல்லாது. பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

அதனால்தான் கடிதத்தை வேலையில் இருக்கும்போதே வாங்கச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த கடை இப்போது இல்லை. 2020 ஊரடங்குக்குப் பிறகு முதலாளியால் வாடகை கட்ட முடியவில்லை. பில் புத்தகமும் இருப்பு நோட்டும் எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போயினவோ. இன்றைக்குப் போய்க் கேட்டால் பில் எண்ணைக் கழித்துப் பார்க்கவும் முடியாது, லெட்டர்பேடும் கிடைக்காது. கடை இருக்கும்போதே, முதலாளிக்கு உங்கள் முகம் நினைவில் இருக்கும்போதே, அவர் கையெழுத்துப் போடக்கூடிய நாலு வரியை நீங்களே எழுதிக்கொண்டு போய் நில்லுங்கள். அவர் தயங்கினால், உங்களைப் பக்கத்திலிருந்து பார்த்த அக்காவிடமோ அண்ணனிடமோ கேட்டு, அவர் சம்மதத்தோடு பெயரையும் போன் எண்ணையும் வாங்கி வையுங்கள். எங்கள் நிறுவனத்தில் லெட்டர்பேடு இல்லாமல் வருகிறவர்களுக்கு நான் அந்த எண்ணைத்தான் கேட்கிறேன். கூப்பிட்டு ஒரே கேள்வி: “இவங்கள நம்பி எதை விட்டுட்டுப் போவீங்க?” இதற்கு உடனே பதில் வந்தால், அடுத்து நான் பேசுவது சம்பளம்தான்.